வலிக்காத கட்டி

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலம், முட்டைக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்து ஊர். கோழிக்கு வரும் வெள்ளைக் கழிச்சலும் அம்மையும் இந்தப் பக்கத்தில் பலருக்கும் அத்துப்படி. ஆனால், புற்றுநோய் எப்படிப் பிறக்கிறது என்று உலகுக்குப் பாடம் எடுத்ததும் ஒரு கோழிதான்.

1909-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்துக்கு, நெஞ்சில் கட்டியோடு ஒரு பெட்டைக்கோழி வந்தது. அது சார்கோமா என்று கண்டார் அங்கிருந்த ஆய்வாளர் பெய்டன் ரௌஸ். தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய் போன்ற மென்திசுக்களில் பிறக்கும் புற்று அது. கட்டியை அரைத்து, செல் எதுவும் நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிகளுக்கு ஊசி போட்டார். அவற்றுக்கும் கட்டி வந்தது. 1911-ல் அவர் எழுதியதைப் பலர் நம்பவில்லை. நோபல் பரிசு கிடைத்தது 1966-ல், அவருடைய 87-ஆம் வயதில்.

வடிந்த நீரில் இருந்தது ஒரு வைரஸ். அதனுள் ‘சார்க்’ என்ற மரபணு. அது வைரஸின் சொந்தச் சரக்கல்ல, நல்ல கோழியின் செல்லிலிருந்து களவாடியது என்று 1976-ல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் குழு காட்டியது. நம் செல்லிலும் அந்த மரபணு உண்டு. செல்லை ‘வளர்’ என ஏவும் வேலை அதற்கு. ஏவல் ஓயாமல் போனால் புற்று. கோழி வைரஸ் நமக்கு இந்த நோயைத் தருவதில்லை. முட்டை, கறி மேல் பழி வேண்டாம். நமக்கு வரும் சார்கோமா சிலவற்றில் நம் குரோமோசோம்களே உடைந்து மாறி ஒட்டிக்கொள்கின்றன. சைனோவியல் சார்கோமாவில் X குரோமோசோமும் 18-ஆம் குரோமோசோமும் துண்டு மாற்றிக்கொள்ள, இரண்டு மரபணுக்கள் ஒன்றாகிவிடுகின்றன.

பெரியவர்களுக்கு வரும் புற்றுகளில் சார்கோமா நூற்றுக்கு ஒன்றுதான். சாதாரணக் கொழுப்புக் கட்டியோ பல மடங்கு அதிகம். ஏமாறுவது இங்கேதான். தொடையின் தடித்த தசைகளுக்கு நடுவே இடம் தாராளம். நரம்பை நெருக்காதவரை கட்டி வலிக்காது. ‘வலிக்கலையே, இருந்துட்டுப் போகட்டும்’ என்று மாதங்கள் ஓடும்.

கொழுப்புக் கட்டி பெரும்பாலும் மெத்தென்றிருக்கும். விரலால் தள்ளினால் தோலுக்கடியில் வழுக்கும். தசையை இறுக்கும்போது அசையாமல் நிற்கும் கட்டி, ஆழத்தில் இருப்பது. கோழிமுட்டை நீளத்துக்கு, அதாவது 5 செ.மீ.க்கு மேல் போனாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, எடுத்த இடத்திலேயே மறுபடி முளைத்தாலோ காட்டியே ஆக வேண்டும்.

முதலில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன், பிறகு ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சி. ‘கத்தி பட்டால் பரவிடும்’ என்ற பயம் ஊரில் உண்டு. முறையாகச் செய்யும் ஊசிச் சோதனையில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. கெடுதல் வேறிடத்தில்: என்ன கட்டி என்று தெரியாமலே கொழுப்பென்று நினைத்துத் தோண்டி எடுத்தால், மிச்ச செல்கள் சுற்றிலும் தங்கிவிடும், அடுத்த அறுவை இன்னும் பெரிதாகும். அதனால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போல, பல துறை மருத்துவர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் இடத்துக்கு முதல் வெட்டுக்கு முன்பே போவது நல்லது.

காலை எடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்துக்கு 1982-லேயே பதில் வந்தது. அமெரிக்காவில் அறுவை மருத்துவர் ஸ்டீவன் ரோசன்பர்க் 43 நோயாளிகளிடம் ஒப்பிட்டார்: உறுப்பை அகற்றியவர்களுக்கும், உறுப்பைக் காத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. இன்று பெரும்பாலோருக்குக் கை கால் மிஞ்சுகிறது. மூட்டு இறுகலாம், கால் வீங்கலாம், பயிற்சி வேண்டும். பரவிய நோயில் சிலருக்குத் தரும் பசோபனிப் மாத்திரை, சார்க் மரபணு உண்டாக்கும் புரதத்துக்கு உறவான நொதிகளைத்தான் தடுக்கிறது.

இந்தப் புற்று பரவினால் பெரும்பாலும் நுரையீரலுக்குப் போகும். ஒன்றிரண்டு புள்ளியாக இருக்கும்போதே கண்டால், அறுத்தெடுத்துப் பல ஆண்டுகள் வாழ்பவர்கள் உண்டு. முதல் சில ஆண்டுகள் மார்பு ஸ்கேன் தேதியை அறுவடை, பண்டிகை என்று தள்ளிப்போடக் கூடாது என்பது அதனால்தான்.