காவலூர் தொலைநோக்கியும் மெக்கானிக்கல் படிப்பும்

ஜவ்வாது மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். அங்குள்ள வைணு பாப்பு வானாய்வகம் வானியலுக்குப் பேர் போனது. மெக்கானிக்கல் படிக்க நினைக்கும் பிளஸ் டூ மாணவரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டிய இடம் அது.

அங்கே நிற்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி தொடங்கி வைத்தார். வடிவமைத்ததும் செய்ததும் இந்தியாவில்தான். கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றும் வேலை பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் நடந்தது. எஃகுக் கட்டமைப்பு மகாராஷ்டிரத்தின் வால்சந்த்நகர் ஆலையில் உருவானது. திட்டத்துக்கு உயிர் கொடுத்த வானியலாளர் வைணு பாப்பு அதைப் பார்க்க இல்லை; 1982-லேயே காலமாகிவிட்டார்.

இதில் மெக்கானிக்கலுக்கு என்ன வேலை? பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் மணிக்கு 15 பாகை நகர்வதுபோலத் தெரிகின்றன. பல டன் எடையுள்ள எஃகு அதே வேகத்தில், பூமியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில், அதிர்வே இல்லாமல் திரும்ப வேண்டும். பேரிங்கிலோ பற்சக்கரத்திலோ சிறு தடங்கல் வந்தாலும் படத்தில் புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் கோடாக இழுபட்டுவிடும்.

திரும்பும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். காவலூரின் அட்சரேகை சுமார் 12.5 பாகைதான் என்பதால் அந்த அச்சு ஏறக்குறையப் படுத்த நிலையில் இருக்கிறது. ஆகவே எடையை இரு முனைகளிலும் தாங்கினார்கள். வடமுனையில் குதிரை லாட வடிவில் ஒரு தாங்கியை வைத்து, துருவப் பக்கத்து வானமும் மறையாதபடி செய்தார்கள். எவ்வளவு அழகான தீர்வு!

நான்காண்டு மெக்கானிக்கல் படிப்பில் இவை எல்லாமே பாடங்கள். எஃகு எவ்வளவு வளையும் என்பதைப் பொருள்களின் வலிமை சொல்லித்தரும். சுழற்சியும் பற்சக்கரமும் இயந்திர இயக்கவியலில் வரும். பகல் வெப்பத்தில் உலோகம் விரிவதைக் கணக்கிட வெப்பவியல் வேண்டும். லேத்தும் வெல்டிங்கும் பட்டறையில் கைபழக வேண்டியவை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் 1894-லேயே வந்துவிட்டது. ஆங்கிலத்துக்கு அஞ்சுவோருக்காக, 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் இதைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. மலைக்கு அருகில் வேலூரில் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரியும், ஆரணியில் அண்ணா பல்கலைக்கழக உறுப்புக் கல்லூரியும் உள்ளன.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களின் பெரிய கவலை பணம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சேர்வோரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளும் இந்தக் கணக்கில் அடங்கும். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் மொத்தம் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. இந்த மூன்றும் உள்ள பிரிவைப் பிளஸ் ஒன்னிலேயே எடுத்தாக வேண்டும்; ஆகவே முடிவு எடுக்க வேண்டிய நேரம் பத்தாம் வகுப்பு முடிந்ததுமே வந்துவிடுகிறது. மலைப் பள்ளிகளின் ஆசிரியர்கள், பிளஸ் ஒன் சேர்க்கைக்கு முன்பே மாணவர்களிடமும் பெற்றோரிடமும் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.