சிலந்திக் குரங்குக் குடும்பம்

சிலந்திக் குரங்குக் குடும்பம் அல்லது ஏட்டெலிடே என்பது அமெரிக்கக் கண்டங்களில் வாழும் புத்துலகக் குரங்குகளின் குடும்பங்களுள் ஒன்றாகும். ஊளைக் குரங்குகள், சிலந்திக் குரங்குகள், கம்பளிக் குரங்குகள், முரிக்கிகள் ஆகிய நான்கு வகைக் குரங்குகள் இதில் அடங்கும். தெற்கு மெக்சிக்கோ முதல் வடக்கு அர்கெந்தீனா வரையிலான காடுகளில் இவை காணப்படுகின்றன. புத்துலகக் குரங்குகளுள் உடலளவில் மிகப் பெரியவை இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. கிளையைப் பற்றிப் பிடித்து உடலின் முழு எடையையும் தாங்கவல்ல வால் இவற்றின் பொது அடையாளம் ஆகும்.

பற்றும் வால்

இக்குரங்குகளின் வால் நுனியின் அடிப்புறத்தில் மயிர் இல்லை. அங்குள்ள தோல் உள்ளங்கையைப் போன்று ரேகைகள் கொண்டது. தொடு உணர்வும் மிகுந்தது. எனவே வால் ஐந்தாவது கையாகப் பயன்படுகிறது. வாலாலும் கால்களாலும் தொங்கியபடி, இரு கைகளாலும் மெல்லிய கிளைகளின் நுனியிலுள்ள பழங்களையும் தளிர்களையும் இவை பறிக்கின்றன. கப்புச்சின் குரங்குகளுக்கும் பற்றும் வால் உண்டு. ஆனால் அவ்வால் முழுவதும் மயிரால் மூடப்பட்டது. அது தனியே தோன்றிய பண்பு எனக் கருதப்படுகிறது. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளில் இத்தகைய வால் இல்லை.

பேரினங்கள்

ஊளைக் குரங்கு (அலுவாட்டா): நான்கு பேரினங்களுள் மிகப் பரவலாக வாழ்வது இதுவே. ஆண் குரங்கின் தொண்டையிலுள்ள நாவடி எலும்பு பருத்து, உள்ளே குழிவான அறை போல் அமைந்துள்ளது. இதன் உதவியால் எழுப்பப்படும் ஓசை அடர்ந்த காட்டிலும் சில கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும். இலைகளை மிகுதியாக உண்ணும். நாளின் பெரும்பகுதியை ஓய்வில் கழிக்கும்.

சிலந்திக் குரங்கு (ஏட்டெலசு): நீண்ட கைகால்களும் மெல்லிய உடலும் கொண்டது. கையில் கட்டைவிரல் இல்லை. சிலவற்றில் சிறு முளையாக மட்டும் உள்ளது. 'முழுமையற்றது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பேரினப் பெயர் உருவாக்கப்பட்டது. பழங்களே முதன்மை உணவு. ஒரு கூட்டத்தின் உறுப்பினர்கள் பகலில் சிறு குழுக்களாகப் பிரிந்தும் மீண்டும் கூடியும் இரை தேடுவர்.

கம்பளிக் குரங்கு (லாகோதிரிக்சு): அடர்ந்த மென்மயிர் உடையது. அமேசான் காடுகளிலும் ஆண்டீசு மலைச்சரிவுகளிலும் வாழ்கிறது. கட்டைவிரல் நன்கு வளர்ந்திருக்கும். பெரு நாட்டு முகில் காடுகளில் மட்டும் வாழும் மஞ்சள்வால் கம்பளிக் குரங்கை அம்போல்ட்டு 1812 இல் விவரித்தார். அற்றுப்போனதாகக் கருதப்பட்டிருந்த இவ்வினம் 1974 இல் மீண்டும் கண்டறியப்பட்டது.

முரிக்கி (பிராக்கிட்டெலிசு): பிரேசிலின் அத்திலாந்திக் காட்டில் மட்டும் வாழ்வது. வடக்கு முரிக்கி, தெற்கு முரிக்கி என இரு இனங்கள் உள்ளன. ஆண்கள் தம்முள் சண்டையிடுவது மிக அரிது. பெண்களை ஆண்கள் அடக்கி ஆள்வதும் இல்லை. மினாசு செராய்சு மாநிலத்தின் கராட்டிங்கா பகுதியில் மானிடவியலாளர் காரன் இசிட்ரையர் 1982 முதல் வடக்கு முரிக்கிகளை ஆராய்ந்து வருகிறார்.

தோற்றமும் தொல்லுயிர் எச்சங்களும்

புத்துலகக் குரங்குகளின் மூதாதைகள் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை என்பதே பெரும்பாலான அறிவியலாளர்களின் கருத்து. அக்காலத்தில் அத்திலாந்திக் கடல் இன்றுள்ளதை விடக் குறுகலாக இருந்தது. ஆற்று வெள்ளத்தில் பெயர்ந்த மரங்களும் செடிகொடிகளும் சேர்ந்த மிதவைகளில் அவை தென் அமெரிக்காவை அடைந்திருக்கக்கூடும். பெரு நாட்டில் கிடைத்து 2015 இல் விவரிக்கப்பட்ட பெருப்பித்தேக்கசு என்னும் குரங்கின் பற்கள், ஆப்பிரிக்கத் தொல்முதனிகளின் பற்களை ஒத்திருப்பது இக்கருத்துக்கு வலுச் சேர்க்கிறது.

கொலம்பியாவின் லா வெந்தா பகுதியில் இசுட்டிர்டோனியா என்னும் குரங்கின் எச்சங்கள் கிடைத்துள்ளன. ஏறத்தாழ 1.3 கோடி ஆண்டுகள் பழமையான இதன் பற்கள் ஊளைக் குரங்கின் பற்களை மிகவும் ஒத்தவை. எனவே அக்காலத்திற்கு முன்னரே ஊளைக் குரங்குகளின் கிளை பிரிந்துவிட்டது எனலாம்.

பிரேசிலின் லகோவா சாந்தா குகைகளில் பீட்டர் வில்லெம் லுண்டு 1836 இல் கண்டெடுத்த எலும்புகள் புரோட்டோப்பித்தேக்கசு எனப் பெயர் பெற்றன. இது 20 கிலோகிராமுக்கும் மேல் எடை கொண்டது. அதாவது இன்றுள்ள எந்தப் புத்துலகக் குரங்கையும் விடப் பெரியது. பின்னர் 1992 இல் பாகியா மாநிலக் குகையொன்றில் இரு பெருங்குரங்குகளின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்று கைப்போரா. மற்றொன்றுக்கு 2013 இல் கார்ட்டெலசு எனப் பெயரிடப்பட்டது. கார்ட்டெலசின் தலையோடு ஊளைக் குரங்கையும், கைகால்கள் சிலந்திக் குரங்கையும் ஒத்திருந்தன.

உறவுமுறை

கைகால்களின் நீளம், கட்டைவிரல் குறைவு, கைகளால் தொங்கி ஊசலாடிச் செல்லும் முறை ஆகியவற்றைக் கொண்டு சிலந்திக் குரங்கும் முரிக்கியுமே நெருங்கிய உறவினர் என முன்பு கருதப்பட்டது. ஆனால் டி.என்.ஏ ஆய்வுகள் வேறு முடிவைத் தந்தன. இவற்றின்படி முதலில் ஊளைக் குரங்குகள் பிரிந்தன. அடுத்துச் சிலந்திக் குரங்குகள் பிரிந்தன. முரிக்கியும் கம்பளிக் குரங்கும் இறுதியில் பிரிந்த உடன்பிறப்புக் கிளைகள் ஆகும். இவ்விரண்டிலும் நிறப்புரிகளின் எண்ணிக்கை 62. சிலந்திக் குரங்குகளில் அது பெரும்பாலும் 34.

இவ்வுறவுமுறை சரியெனின், கட்டைவிரல் குறைவு இரு கிளைகளில் தனித்தனியே நிகழ்ந்திருக்க வேண்டும், அல்லது கம்பளிக் குரங்கு பழைய நிலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். தெற்கு முரிக்கியில் கட்டைவிரல் இல்லாதிருக்க, வடக்கு முரிக்கியில் சிறு கட்டைவிரல் எஞ்சியுள்ளது. ஒரே வாழ்முறை, நெருங்கிய உறவில்லாத உயிரினங்களுக்கும் ஒரே உருவத்தைத் தரக்கூடும்; உருவ ஒற்றுமை மட்டுமே உறவுக்குச் சான்றாகாது.

உணவும் உடலமைப்பும்

பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் ஊளைக் குரங்கும் சிலந்திக் குரங்கும் ஒரே காட்டில் வாழ்கின்றன; எடையிலும் ஏறத்தாழச் சமமானவை. ஆயினும் காத்தரின் மில்ட்டன் செய்த ஆய்வுகள் இவற்றுக்கிடையே பெரும் வேறுபாட்டைக் காட்டின. ஊளைக் குரங்கின் குடலை உணவு கடக்க ஏறத்தாழ 20 மணிநேரம் ஆகிறது. சிலந்திக் குரங்கில் 4 மணிநேரமே ஆகிறது. இலையிலுள்ள நாரை நொதிக்கச் செய்ய நெடுநேரம் தேவை. பழமோ விரைவில் செரிக்கும். ஆனால் பழமரங்கள் காட்டில் சிதறிக் கிடப்பதால், எந்த மரம் எப்போது பழுக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சிலந்திக் குரங்கின் மூளை ஏறத்தாழ 107 கிராம். ஊளைக் குரங்கின் மூளை ஏறத்தாழ 50 கிராம். இவ்வேறுபாட்டுக்கு உணவுத் தேடலே முதன்மைக் காரணம் என மில்ட்டன் கருதினார்.

ஊளைக் குரங்குகளுக்கு வேறொரு சிறப்பும் உண்டு. பெரும்பாலான புத்துலகக் குரங்குகளில் ஆண்கள் அனைத்தும் இருநிறப் பார்வையே உடையவை. ஊளைக் குரங்குகளில் ஆண், பெண் இரண்டும் மனிதரைப் போன்று முந்நிறப் பார்வை பெற்றுள்ளன. செந்நிறத் தளிர்களைப் பச்சை இலைகளிலிருந்து பிரித்தறிய இது உதவுவதாகக் கருதப்படுகிறது.

காப்பு நிலை

இக்குரங்குகள் மெதுவாகவே பெருகுகின்றன. சிலந்திக் குரங்கும் முரிக்கியும் ஈற்றுக்கு ஒரு குட்டியே ஈனும். ஈற்றுகளுக்கிடையே ஏறத்தாழ 3 ஆண்டுகள் ஆகும். எனவே இறைச்சிக்காக வேட்டையாடப்படும் இடங்களில் இவை விரைவில் மறைந்துவிடுகின்றன. பெரிய விதைகளை விழுங்கித் தொலைவில் எச்சமிடும் விலங்குகள் இவை என்பதால், இவை அற்ற காட்டில் பெருவிதை மரங்களின் இளங்கன்றுகளும் குறைகின்றன. இரு முரிக்கி இனங்களும் மஞ்சள்வால் கம்பளிக் குரங்கும் மிக அருகிய இனங்களாகப் பட்டியலிடப்பட்டுள்ளன.

மஞ்சள் காய்ச்சல் ஊளைக் குரங்குகளைப் பெரிதும் தாக்குகிறது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் கப்பல்கள் வழியாக வந்த இந்நோய்க்கு இவற்றிடம் எதிர்ப்பாற்றல் மிகக் குறைவு. பிரேசிலில் 2016 முதல் 2018 வரை பரவிய நோயில் ஆயிரக்கணக்கான குரங்குகள் இறந்தன. நோயைப் பரப்புபவை கொசுக்களே. ஆயினும் குரங்குகளே காரணம் என அஞ்சி மக்கள் அவற்றைக் கொன்ற நிகழ்வுகளும் உண்டு. உண்மையில், காட்டில் ஊளைக் குரங்குகள் இறப்பது நோய் நெருங்குவதை முன்னறிவிக்கும் அடையாளம் ஆகும். அதைக் கண்டு அப்பகுதி மக்களுக்குத் தடுப்பூசி இட முடிகிறது. குரங்குகளைக் கொல்லும் ஊர், இம்முன்னெச்சரிக்கையையும் இழக்கிறது.

2024 மே மாதத்தில் மெக்சிக்கோவின் தபாசுக்கோ, சியாப்பாசு மாநிலங்களில் வீசிய கடும் வெப்ப அலையின்போது ஊளைக் குரங்குகள் மரங்களிலிருந்து விழுந்து இறந்தன.