பழைய தொலைக்காட்சியில் கணினி விளையாட்டு

தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006 செப்டம்பர் 15 அன்றும், இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்றும் தொடங்கின. இரண்டுமே அண்ணா பிறந்த நாள். சமயநல்லூர் போன்ற ஊர்களில் இரண்டும் ஒரே வீட்டுக்குள் வந்தன. ஆனால் அவை ஒன்றோடொன்று நேரடியாக இணையாதவை.

படக்குழாய்த் தொலைக்காட்சியில் இருப்பது மஞ்சள் நிற ஏவி துளை, மடிக்கணினியில் வி.ஜி.ஏ அல்லது எச்.டி.எம்.ஐ. ஒரு முனையில் வி.ஜி.ஏ, மறுமுனையில் ஏவி என்று மலிவாக விற்கும் வெறும் கேபிளை மாணவர்கள் வாங்க வேண்டாம், காசு வீண். வி.ஜி.ஏ நொடிக்குச் சுமார் 31,500 கோடுகளை அனுப்பும். நம் நாட்டு 'பால்' முறைத் தொலைக்காட்சி 15,625 கோடுகளையே வரையும். இந்த வேகத்தை மாற்ற மின்சுற்று தேவை. அதனால் யு.எஸ்.பி வழியே 5 வோல்ட் மின்சாரம் பெறும் 'எச்.டி.எம்.ஐ டு ஏவி கன்வர்ட்டர்' என்று கேட்டு வாங்க வேண்டும். ஒலியும் அதிலேயே வந்துவிடும். படம் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பெட்டியிலுள்ள பொத்தானைப் 'பால்' பக்கம் தள்ளிப் பார்க்கலாம். தொலைக்காட்சியின் பின்மூடியை மட்டும் கழற்றக் கூடாது. அணைத்த பிறகும் படக்குழாயில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இத்திரையில் இணையப் பக்கம் படிக்க முடியாது, எழுத்து மங்கும். பழைய ஆர்கேட் விளையாட்டுக்கோ இதுவே பொருத்தம். 1980இல் வந்த பாக்-மேன் படம் 224×288 புள்ளிகளே கொண்டது, படக்குழாய்க்கென்றே வரையப்பட்டது. அந்த இயந்திரங்களைக் கணினியில் அப்படியே இயக்கிக் காட்டும் 'மேம்' மென்பொருள் 1997இல் வெளியானது. மென்பொருள் இலவசம், விளையாட்டுக் கோப்புகளுக்குக் காப்புரிமை உண்டு. அதில் 5 என்ற விசை காசு போடும், 1 ஆட்டத்தைத் தொடங்கும்.