ரெண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு ரிடர்ன்!

வெம்பாக்கம் பக்கம் ஒரு பட்டுப் புடவை தறியில் ஏறுவதற்குள் எத்தனை ஊர் சரக்கு வந்து சேரணும் தெரியுமா? பட்டு கர்நாடகாவிலிருந்து, ஜரிகை சூரத்திலிருந்து. பார்டர் டிசைன் அட்டையை இன்னொருத்தர் குத்தித் தருவார். நோட்டில் ‘மாம்பழ மஞ்சள்’ என்று எழுதினால் மட்டும் போதாது. எந்தத் தடவை முக்கின சாயம் என்பதும் வேணும். அடுத்த தடவை அதே மஞ்சள் வராது. உடல் ஒரு மஞ்சள், முந்தானை ஒரு மஞ்சள் என்றால் கல்யாணப் பெண்ணின் சித்தி சும்மா விடுவாளா?

சாஃப்ட்வேரும் இப்படித்தான் சார். பாதி வெளிச்சரக்கு. இந்தக் கணக்கையெல்லாம் வைத்துக்கொள்ளும் குமாஸ்தாவின் பெயர் ‘கிட்’. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆரம்பித்தது. (ஆங்கிலக் கொச்சையில் ‘கிட்’ என்றால் சகிக்க முடியாத ஆசாமி. தன் பெயரையே வைத்ததாக அவரே ஜோக்கடித்தார்!) அதே வருஷம் ஜூலையிலிருந்து பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம்.

வெளிச்சரக்குக்கு கிட்டில் ‘சப்மாட்யூல்’ என்று பெயர். 2007ல் வந்தது. ஒரு சீட்டில் மூன்று விஷயம்: சரக்கின் பெயர், வைக்கவேண்டிய இடம், வாங்கவேண்டிய விலாசம். எந்தச் சாயம் என்பதற்குத் தனியாக 40 எழுத்து நம்பர். சீட்டைக் கொடுத்தால் கடைப் பையன் மாதிரி ஓடிப்போய் வாங்கி வரும். 2016ல் வந்த 2.8லிருந்து ஒரே சமயத்தில் பல பையன்களை அனுப்பலாம்.

இங்கேதான் வில்லங்கம். சீட்டை எழுதினவர் யார்? பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்!

2018 மே. ‘பெயர்’ என்ற இடத்தில் ஒருத்தர் ரெண்டு புள்ளியும் சாய்கோடும் போடலாம் என்று கண்டுபிடித்தார்கள். கம்ப்யூட்டருக்கு ரெண்டு புள்ளி என்றால் ‘ஒரு மாடி மேலே போ’. அப்படியே போய் வேறு அறையில் ஒளித்து வைத்த புரோகிராமைத் தட்டி எழுப்பிவிடும்.

அதே வருஷம் அக்டோபர். இந்தத் தடவை விலாசம். முதல் எழுத்து ஒரு சின்னக் கோடு. விலாசத்தை வாங்கின கிட், கோட்டைப் பார்த்ததும் ‘ஓஹோ, இது முதலாளி உத்தரவு’ என்று நினைத்துக்கொண்டது. ‘காந்தி ரோடு, மூணாம் கடை’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘பின்கதவைத் திறந்து வை’ என்று எழுதின மாதிரி. பையனும் திறந்து வைத்தான்! ஒரு கோட்டால் வந்த வினைக்கு மருந்து, ரெண்டு கோடு. விலாசத்துக்கு முன்னால் ரெண்டு கோடு போட்டால், ‘இனி வருவது உத்தரவு இல்லை’ என்று அர்த்தம். கோட்டில் ஆரம்பிக்கும் விலாசத்தையே வாங்க மாட்டேன் என்றும் சேர்த்தார்கள்.

2025 ஜூலையில் இன்னும் தமாஷ். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வரி முடிந்ததும் ‘சர்ரக்’ என்று லீவரைத் தள்ளுவார்களே, கேரியேஜ் ரிடர்ன்... அதற்குக் கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து உண்டு. இடத்தின் பெயர் கடைசியில் அதை ஒட்டவைத்தால், எழுதும்போது இருக்கும். திரும்பப் படிக்கும்போது கிட் அதை உதறிவிடும். சரக்கு வேறு இடத்தில் இறங்கும். அங்கே ஏற்கெனவே ஒரு குறுக்குவழி போட்டு வைத்திருந்தால், ஆசாமியின் புரோகிராம் உங்கள் மிஷினில் ஓடும். விண்டோஸ்காரர்கள் தப்பித்தார்கள், ஃபைல் பெயரில் அந்த எழுத்துக்கு அங்கே அனுமதி கிடையாது.

இந்தச் சப்மாட்யூல் பகுதி முதலில் ஷெல் ஸ்கிரிப்டாக இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக சி மொழிக்கு மாற்றினதில், கூகுளின் கோடைத் திட்டம் வழியாக வந்த நம்ம நாட்டு மாணவர்களுக்கும் பங்கு உண்டு.

சரி, உங்கள் ஆபீஸில் இப்படி ஒரு மாற்றம் ரெவ்யூவுக்கு வருகிறது. பத்தே வரி. மணி ஆறு. பஸ்ஸைப் பிடிக்கணும். ‘பார்த்தேன், ஓகே’ என்று தட்டிவிட்டுக் கிளம்பக் கை துறுதுறுக்கும். லீவ் லெட்டரில் படிக்காமலே கையெழுத்துப் போடும் ஹெட்கிளார்க் மாதிரி! கொஞ்சம் உட்காருங்கள். சீட்டிலிருந்து வந்த எழுத்து எதுவரைக்கும் போகிறது என்று விரலை வைத்துக்கொண்டு படியுங்கள். எட்டுப் பையன்களை ஒன்றாக அனுப்பி, ஒருத்தன் வெறுங்கையோடு வந்தால் மற்ற ஏழு பேர் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். கோணல் விலாசம் கொடுத்துப் பார்க்கும் டெஸ்ட் இல்லையென்றால் மாற்றத்தைத் திருப்பி அனுப்புங்கள். எழுதினவர் முறைப்பார். முறைக்கட்டும், நாளைக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும்.

அப்படியே உங்கள் கிட் எந்த வெர்ஷன் என்று பார்த்துவிடுங்கள். ரிடர்ன் வேலைக்கு மருந்து 2.50.1ல் இருக்கிறது, பழைய வரிசைகள் சிலவற்றுக்கும் தனித்தனியே கொடுத்திருக்கிறார்கள்.