தேடிப் போன இசைத்தட்டுகள் – 9
மிச்ச டேப்பில் ஏறிய பாட்டு

போன வாரம் செனகலின் 'ஆர்கெஸ்ட்ரா பாபாப்' குழுவைப் பாதியில் விட்டிருந்தோம். 1982இல் டக்கரில் பதிவான அவர்கள் பாட்டுகளை 1989இல் லண்டனின் வேர்ல்ட் சர்க்யூட் 'பைரேட்ஸ் சாய்ஸ்' என்று மறுபடி வெளியிட்டபோது குழுவே கலைந்து போயிருந்தது. கிடார் வாசித்த பார்தெலெமி அத்திஸோ, டோகோவில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபதிப்புக்குக் கிடைத்த மவுசுதான் 2001இல் அவர்களை மறுபடி ஒன்றுசேர்த்தது.

நம் பக்கத்தில் வெள்ளைக்காரர்கள் தேடி வந்த சரக்கு, பண்ணைப்புரத்துக்காரருடையது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 'சொல்ல சொல்ல' என்று இளையராஜா பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டது. 1977 முதல் 1983 வரை. கோலிவுட்டின் எலெக்ட்ரானிக் பாப் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறார்கள். அவர் இசையமைத்த 'அன்னக்கிளி' படம் வந்தது 1976இல். மதுரைக் கல்யாண வீடுகளில் மைக் செட்காரர் எதைப் போட்டு ஊரைக் கூட்டினாரோ, அதைத் தாண்டித்தான் அவர்கள் கணக்கே தொடங்குகிறது.

எண்பதுகளில் டவுன்ஹால் ரோடு பக்கம் ரெக்கார்டிங் சென்டர்களில் வெற்று கேசட்டும், பால்பாயிண்ட் பேனாவில் எழுதிய பாட்டு லிஸ்டும் கொடுத்துவிட்டு வருவோம். கடைக்காரர் தட்டைத் துணியால் துடைத்து, முள்ளை வைத்து, ஒவ்வொரு பாட்டாக ஏற்றுவார். பி சைடு கடைசியில் ரெண்டு மூணு நிமிஷ டேப் மிஞ்சினால் அவர் இஷ்டத்துக்கு ஏதாவது ஒரு கிளப் டான்ஸ் பாட்டு. எவனும் லிஸ்டில் எழுதித் தராத பாட்டு அது. வெளிநாட்டில் விலை போனது அந்த ஜாதிப் பாட்டுதான்! எனக்கு இதில் வருத்தமில்லை. அந்த பேஸ் கிடாரை நாம் ஒழுங்காகக் கேட்கவில்லை என்பதும் உண்மை.

தொகுப்பு வருவதற்கு முன்பே துண்டு துண்டாக எடுத்தவர்களும் உண்டு. ரஜினியின் நூறாவது படம் 'ஸ்ரீ ராகவேந்திரர்' (1985). பக்திப் படம். அதிலிருந்த 'உனக்கும் எனக்கும்' பாட்டை பிளாக் ஐட் பீஸ் குழு 2003இல் தங்கள் 'எலிஃபங்க்' ஆல்பத்துக்கு எடுத்துக்கொண்டது. ஈழத்து வேர் கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., 2007இல் 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டை வைத்து 'பேம்பூ பங்கா' செய்தார்.

ஆனால் பாபாபுக்கு நடந்தது இங்கே நடக்க வழியில்லை. அத்திஸோவைப் பெயர் சொல்லித் தேட முடிந்தது. நம் சினிமாத் தட்டின் உறையில் படம், இசையமைப்பாளர், பாடகர், கவிஞர் பெயர்கள் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. 'பயணங்கள் முடிவதில்லை' (1982) படத்தின் 'இளைய நிலா'வில் அந்த கிடாரை வாசித்தவர் ஆர். சந்திரசேகர். டிரம்ஸ் புருஷோத்தமனின் சகோதரர். கீபோர்டு என்றால் விஜி மேனுவல், பேஸ் கிடார் என்றால் சசிதரன். ரசிகர்கள் பின்னாளில் விசாரித்து விசாரித்துச் சேர்த்த பெயர்கள் இவை. லண்டன்காரன் தொகுப்புப் போட்டாலும் ராயல்டி பேச்சு இவர்கள் வாசல் வரை வராது. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற சண்டையே இசையமைப்பாளருக்கும் கம்பெனிகளுக்கும் நடுவில்தான். சென்னை உயர் நீதிமன்றம் ஏறிய அந்த வழக்குகளை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)