பழைய கருவியில் எழுதிய மென்பொருள்: நிரல் யாருடையது, தரவு யாருடையது?

மைசூருவின் ஊதுபத்தித் தொழிற்கூடம், பட்டுக்கடை, அரிசி ஆலை போன்ற இடங்களுக்கென்றே பில்லிங், இருப்புக் கணக்கு நிரல்களைத் தனியாளாக எழுதி விற்கும் மென்பொருளாளரும், அவற்றை வாங்கும் வணிகரும் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி நடந்துகொண்டால், பிணக்கு எழும் நாளில் எது யாருடையது என்பது இருவருக்குமே தெரியாமல் போகும்.

இத்தகைய நிரல்களுக்கு நெடுங்காலம் உதவிய ஃபாக்ஸ்புரோ, தகவல்களை அட்டவணைகளாகச் சேமித்துத் தேடித்தரும் தரவுத்தளக் கருவியாகும். அதை உருவாக்கிய ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் நிறுவனத்தை 1992இல் வாங்கிய மைக்ரோசாஃப்ட், 2004இல் வெளியிட்ட விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9க்குப் பின் புதிய பதிப்பு வராது என 2007இல் அறிவித்து, 2015 ஜனவரியில் ஆதரவையும் முடித்துக்கொண்டது. ஆதரவு நின்றுவிட்டதால் அக்கருவியில் எழுதிய நிரலை விற்பது குற்றமாகிவிடாது. கருவியின் திருட்டுப் பிரதியைப் பயன்படுத்துவதுதான் குற்றம்; அறிந்தே அவ்வாறு செய்வோருக்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

அதே சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கொள்கிறது. சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதிய நிரல், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதலாளிக்கு உரியது. தனியாக ஒப்புக்கொண்டு எழுதித் தருபவரின் நிரலோ, கையொப்பமிட்ட எழுத்து மூலம் அவர் மாற்றித் தராதவரை, விலை கொடுத்து வாங்கியவருக்கு உடைமையாவதில்லை. வாங்கியவருக்குக் கிடைப்பது பயன்படுத்தும் உரிமம். எனினும் காப்புப் பிரதி எடுக்கவும், வாங்கிய நோக்கத்துக்குப் பயன்படும்படி நிரலைத் தகவமைத்துக்கொள்ளவும் 52ஆம் பிரிவு அவருக்கு இடம் தருகிறது. ஆனால் மனிதர் படிக்கக்கூடிய வடிவிலான மூலநிரல் கையில் இல்லாமல் அந்த அனுமதியால் பெரிய பயனில்லை. ஆகவே எழுதியவர் இறந்தாலோ தொழிலை விட்டாலோ மூலநிரல் யாரிடம் சேரும் என்பதை விற்பனையின்போதே எழுதிவைப்பது இருவருக்கும் இன்றியமையாதது.

தரவு முழுக்க வணிகருடையது. பாக்கி வரவில்லை என்பதற்காக மறைமுகப் பூட்டு வைத்துக் கணக்கைத் திறக்கவிடாமல் செய்யும் மென்பொருளாளர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின் கீழ் இழப்பீட்டுக்கும், நேர்மையற்ற நோக்கம் நிறுவப்பட்டால் 3 ஆண்டு வரை சிறைக்கும் ஆளாகக்கூடும். தம்முடைய நியாயமான கோரிக்கையையும் அவர் இதனால் கெடுத்துக்கொள்கிறார்.

கருவியின் பழமையும் சில இடர்களைத் தருகிறது. ஃபாக்ஸ்புரோ தரவைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பு இயல்பாக மறையாக்கம் செய்யப்படுவதில்லை என்பதால், வலையமைப்பில் பகிரப்பட்ட கோப்புறையை அணுகக்கூடிய எவரும் வாடிக்கையாளர் பட்டியலைத் திறந்துவிடலாம். ஒரு கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளரவும் இயலாது. விற்கப்படும் நிரல் கோப்பிலிருந்து மூலநிரலை ஏறக்குறைய முழுமையாக மீட்டெடுக்க முடியும் என்பது எழுதியவருக்கு நேரும் கேடு. வாங்குபவர் கம்பெனியாக இருந்தால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியுடன் பதிவாக வேண்டும். பழைய நிரலில் இவ்வசதியைச் சேர்க்காமல் விற்பது வாங்குபவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

பணம் வராதபோது பூட்டு வைப்பதல்ல, நாடவேண்டிய வழி வேறு. சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவு கட்டணமில்லாதது. அதை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துகொண்ட மென்பொருளாளருக்கு, 2006ஆம் ஆண்டுச் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் தொகை சேர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டியுடன் மாநில வசதியாக்க மன்றத்தில் கோரலாம். நிரலே களவுபோனால், பதிப்புரிமைப் பதிவு கட்டாயமில்லை எனினும், மூலநிரலின் முதல் 10, கடைசி 10 பக்கங்களைத் தந்து முன்பே பெற்ற பதிவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும். நகலெடுத்தவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், வழக்காடுபவர் வசிக்கும் ஊரின் எல்லைக்குட்பட்ட மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உரிமை மீறல் நடந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் அதைச் செய்ய வேண்டும்.