ஒரு செட்டுக்கு நான்கு ஸ்பீக்கர்: வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்!

ஊருக்குப் பணம் அனுப்பியது போக, வாடகை கொடுத்தது போக, மிச்சம் பிடித்து வாங்கியது ஸ்டீரியோ செட். முன் அறையில் இரண்டு ஸ்பீக்கர்கள். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சமையல் கட்டில் வேலையாக இருப்பவருக்கும் கேட்க வேண்டுமானால் சத்தத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிறார். "இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி உள்ளே மாட்டினால் என்ன?" என்ற யோசனை அப்போதுதான் பிறக்கிறது.

நல்ல யோசனைதான். மும்பையில் லாமிங்டன் ரோட்டுக்குப் போனால் புதியது கிடைக்கும். சோர் பஜாரில் பழையது கிடைக்கும். ஒயரை மாட்டுவதற்குப் பெரிய படிப்பும் தேவை இல்லை. ஆனால் புதிதாக வந்த ஜோடி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆம்ப்ளிபயரைக் காவு வாங்கிவிடுவதும் உண்டு. காரணம், ஸ்பீக்கரின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு சிறிய எண். அதைப் பார்க்காமல் வாங்குவதுதான் ஆபத்து.

ஓம் கணக்கு

அந்த எண் 4, 6 அல்லது 8 என்று இருக்கும். பக்கத்தில் ஓம் என்று போட்டிருக்கும். மந்திரத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை! மின்சாரத்தின் ஓட்டத்துக்கு உள்ள தடையை அளக்கும் அலகு அது. 1827-ல் தமது விதியை வெளியிட்ட ஜெர்மானிய விஞ்ஞானி ஜார்ஜ் சைமன் ஓம் என்பவரின் பெயரால் வந்தது.

ஸ்பீக்கர்கள் கூடினால் தடையும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. மாடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாயைத் திறந்தால் ஓர் அளவு தண்ணீர் போகும். அதே அளவுள்ள இன்னொரு குழாயையும் திறந்தால் இரண்டு மடங்கு போகும். ஸ்பீக்கரும் அப்படித்தான். ஒரே முனையில் 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கம் பக்கமாக மாட்டினால், ஆம்ப்ளிபயருக்கு அது 4 ஓம். இரண்டும் 4 ஓமாக இருந்தால் வெறும் 2 ஓம்!

ஆம்ப்ளிபயர் 8 வோல்ட் கொடுக்கிறது என்று வையுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 1 ஆம்பியர் இழுக்கும். 4 ஓம் என்றால் 2 ஆம்பியர். 2 ஓம் என்றால் 4 ஆம்பியர். இவ்வளவும் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகத்தான் போக வேண்டும். தாங்க முடியாதபோது அது சூடேறும், பியூஸ் போகும், சில சமயம் டிரான்சிஸ்டரே எரிந்துவிடும்.

மாட்டிய அன்றே இது தெரியாது. மெதுவாகப் பாடும்வரை ஒன்றும் ஆகாது. பொங்கலுக்கு நண்பர்கள் கூடி, சத்தத்தைக் கூட்டும்போதுதான் புகை வரும்.

கோவில் கொடையில் எப்படி?

"ஊரில் கோவில் கொடைக்கு ஒரே ஆம்ப்ளிபயரில் தெரு முழுக்கக் குழாய் ஸ்பீக்கர் கட்டுகிறார்களே, அது எரிவதில்லையே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மைக் செட்காரர் பயன்படுத்தும் முறை வேறு. அவருடைய ஆம்ப்ளிபயரில் 100 வோல்ட் லைன் என்று ஒரு முனை உண்டு. அந்த லைனில் மாட்டும் ஒவ்வொரு குழாய்க்கும் ஒரு சிறிய டிரான்ஸ்பார்மர் இருக்கும். அதனால் ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய சில வாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். எல்லாம் சேர்ந்து ஆம்ப்ளிபயரின் வாட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வீட்டு ஸ்டீரியோவில் இந்த ஏற்பாடு இல்லை.

ஏ, பி என்ற முனைகள்

சில ஆம்ப்ளிபயர்களில் ஏ, பி என்று இரண்டு ஜோடி முனைகள் இருக்கும். முன்பக்கம் அதற்கான சுவிட்சும் இருக்கும். உங்கள் செட் அப்படிப்பட்டது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஏ அல்லது பி ஒன்று மட்டும் பாடினால் 4 ஓம் போதும், இரண்டும் சேர்ந்து பாடினால் ஒவ்வொன்றும் 8 ஓம் வேண்டும் என்ற மாதிரி போட்டிருக்கும். அதை மீற வேண்டாம்.

ஒரே ஜோடி முனைதான் இருக்கிறது, 4 ஓம் தாங்கும் என்று எழுதியிருக்கிறது என்றால், நான்கு ஸ்பீக்கர்களும் 8 ஓமாக இருக்கும்வரை மாட்டலாம். 8 ஓமுக்குக் குறையக் கூடாது என்று எழுதியிருந்தால் பக்கம் பக்கமாக மாட்டக் கூடாது. ஒன்றன் பின் ஒன்றாக, சங்கிலி போல மாட்டலாம். அப்போது இரண்டு 8 ஓம் சேர்ந்து 16 ஓம் ஆகும். செட்டுக்கு ஆபத்து இல்லை. ஆனால் சத்தம் குறையும். ஒன்றின் ஒயர் கழன்றால் மற்றதும் ஊமையாகும். ஒரே ரக ஸ்பீக்கர்களாக இல்லாவிட்டால் குரலும் மாறிப்போகும். இதைத் தவிர, ஸ்பீக்கர் செலக்டர் என்ற பெட்டியும் கடைகளில் உண்டு. தடைக் காப்பு உள்ளதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவோருக்கு

பழைய ஸ்பீக்கரில் எழுத்து அழிந்திருக்கலாம். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டரை ஓமில் வைத்து முனைகளைத் தொட்டுப் பாருங்கள். 6 அல்லது 7 காட்டினால் பெரும்பாலும் அது 8 ஓம் ஸ்பீக்கர். 3 அல்லது 3.5 காட்டினால் 4 ஓம். எதுவும் காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. முன்பக்கத் துணியை நீக்கி, ஓரத்து நுரை பொடிந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒயர் மாட்டும்போது

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாறிப்போனால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். தவில் ஒலி செத்துப்போகும். நிறம் தெரியாவிட்டால் 1.5 வோல்ட் டார்ச் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். காகிதக் கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் பிளஸ்.

இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக இரட்டை ஒயர் போடுங்கள். ஒயரை மிச்சம் பிடிக்க இரண்டின் மைனஸையும் ஒன்றாக முடிந்தால் சில ஆம்ப்ளிபயர்கள் கெட்டுவிடும். அடுத்த அறைக்கு மெல்லிய ஒயர் வேண்டாம், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் நல்லது. ஒயரின் பிசிறு பக்கத்து முனையைத் தொடக் கூடாது.

சத்தம் இரட்டிப்பு ஆகுமா?

ஆகாது. வாட் இரு மடங்கானால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும்!

பிறகு என்ன லாபம்? ஸ்பீக்கர் காதுக்கு அருகே வருவதுதான் லாபம். சமையல் கட்டில் ஒரு ஜோடி இருந்தால் முன் அறையில் அலற விட வேண்டியதில்லை. இரண்டு இடத்திலும் மெதுவாக வைத்தாலே போதும். பொதுச் சுவரில் ஆணி அடித்து மாட்டாமல், ரப்பர் துண்டின் மேல் வைத்தால் பக்கத்து வீட்டுக்கும் தொல்லை இல்லை. சட்டமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டியிருக்கின்றன.

பத்துக்குப் பத்து அறை ஒன்றுதான் வீடு என்றால் இரண்டாவது ஜோடியே தேவை இல்லை. தரையில் கிடக்கும் ஸ்பீக்கர்களைக் காது உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். அதுவே பெரிய மாற்றம் தரும், செலவும் இல்லை.

இரண்டு அறை உள்ளவர்கள் தாராளமாக வாங்கலாம். கடைக்குக் கிளம்பும் முன், ஆம்ப்ளிபயரின் பின்பக்கம் உள்ள ஓம் எண்ணையும், இப்போதுள்ள ஸ்பீக்கரின் ஓம் எண்ணையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாட்டைப் பற்றிப் பேசுவார். நீங்கள் ஓமைப் பற்றிக் கேளுங்கள்.